பூட்டி வைத்த கையுறைகள்

கோல சிலாங்கூர்,
17.6.1985

கர்த்தருக்குள் அன்பான மகள் நவமணிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தந்த சுகத்தோடு இங்கே நானும் அம்மாவும் ரவாங்கில் தம்பி ராஜுவும் நன்றாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்து ஆஸ்பத்திரி வேலையில் உன்னையும் அவரே காத்து நடத்த வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. அம்மா அதை மூன்று முறை படித்துவிட்டு என் கையில் கொடுத்தாள். அப்பாவைத் தோட்டத்து ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்களாமே, சாமான் எடுத்து வெளியே கொடுத்துவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்களாமே, உண்மையா என்று கேட்டிருக்கிறாய். ஈப்போவிலிருந்து உன் சித்தி எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன், அவளுக்கு யார் சொன்னார்களோ. பிள்ளை தூர தேசத்தில் தனியாக இருக்கிறாள், இதையெல்லாம் எழுதி அவள் மனதைக் கெடுக்காதீர்கள் என்று அம்மா இத்தனை நாள் தடுத்தாள். இனி மறைத்து என்ன, அரையும் குறையுமாக யாரோ சொல்லி நீ கேட்பதைவிட நானே முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது. நீல ஏர்மெயில் காகிதத்தில் அடங்காது என்று பட்டணத்தில் தாள் வாங்கி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன நவம்பரில் கம்பெனியிலிருந்து ஸ்டோருக்கு நான்கு பெட்டி வந்தது. மருந்து அடிக்கும் பெண்களுக்கென்று கையுறை, கண்ணாடி, பூட்ஸ், மார்பை மறைக்கும் ரப்பர் துணி எல்லாம் ஆளுக்கு ஒன்றாக, புது வாசனையோடு இருந்தது. உனக்குத் தெரியும், அந்தப் பெண்கள் புல் மருந்து நிறைந்த பம்பை முதுகில் சுமந்துகொண்டு செம்பனை வரிசைக்குள் வெறுங்கையோடு போகிறவர்கள், சிலருக்கு நகம் கறுத்து உரிந்துபோயிருக்கும். நான் சந்தோஷமாகப் பெயர் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தபோது ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி நடராஜா வந்து, "ஆசீர்வாதம், இத இப்பக் கொடுக்காதீங்க, ஒரே மாசத்துல கிழிச்சிட்டு வந்து நிப்பாங்க. ஆபீசர் வர்றப்ப எடுத்துக் கொடுப்போம், துரை சொல்லிட்டாரு" என்றார். நான் சரி என்று சொல்லி மேல் தட்டில் அடுக்கிப் பூட்டிவிட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்த ஸ்டோரில் இருக்கிறேன், மேலே இருந்து சொன்னால் செய்கிற பழக்கம், கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

ஜனவரியில் ஒருநாள் தொழிலாளர் இலாகாவிலிருந்து ஆபீசர் வருவதாகத் தகவல் வந்தது. அன்றைக்குக் காலையில் பெட்டியைத் திறந்து முப்பத்தாறு பெண்களுக்கும் கொடுத்தோம். அவர்கள் தீபாவளிக்குப் புதுத்துணி போட்டவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஆபீசர் பார்த்தார், போனார். மத்தியானம் எல்லாவற்றையும் திரும்ப வாங்கினோம். வாங்கியவன் நான்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஸ்டோர் பின்னால் கம்பியில் காயப்போட்டு, பவுடர் தடவி மறுபடியும் பெட்டியில் வைத்தேன். அப்போது ஏழாம் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் வீரன் பெண்சாதி அம்சவள்ளி கடைசி ஆளாக வந்து, "கிராணியாரே, இன்னும் ரெண்டு நாளு போட்டுக்கிறேனே, இன்னிக்குத்தான் கையி எரியல" என்று கேட்டாள். நான், "ஆர்டர் இல்ல லா அம்சா" என்று சொல்லிக் கையை நீட்டினேன், அவளும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்கும்.

இதைவிட வெட்கமான ஒன்றையும் உனக்குச் சொல்லவேண்டும். பிப்ரவரியில் சபையில் உக்கிராணத்துவ ஞாயிறு வந்தது. ஆண்டவர் நம் பொறுப்பில் விட்டதை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதைப்பற்றி வேலையில் இருக்கிற ஒருவர் பேசட்டும் என்று போதகர் என்னைக் கேட்டுக்கொண்டார். நானும் போய் நின்று, நான் தோட்டத்து ஸ்டோரில் உக்கிராணக்காரன், இத்தனை வருஷத்தில் ஒரு ஆணியை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் குறைந்ததில்லை, அந்நிய வேலைதானே என்று நினைக்காமல் ஆண்டவருடைய சாமான் என்று நினைத்துக் காத்தேன் என்று பேசினேன். நிறையப் பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா குடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் எப்படிப் பேசினேன் என்று கேட்டேன். "நல்லாத்தான் பேசுனீங்க. சாமான பத்திரமா வெச்சிருக்கீங்க, சரி. யாருக்காக வெச்சிருக்கீங்க?" என்றாள். ஜனவரியில் நான் கையுறை கழுவிக் காயப்போட்டதை அவள் பார்த்திருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம், உனக்கு ஆபீஸ் வேலை என்ன தெரியும் என்று பத்துப் பேர் நடுவில் கத்திவிட்டேன்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை அது நடந்தது. மருந்தைத் தண்ணீரில் கலப்பது ஸ்டோருக்குப் பின்பக்கம்தான், உனக்கு அந்த இடம் தெரியும், சிறு வயதில் அங்கே வரக்கூடாது என்று உன்னை விரட்டியிருக்கிறேன். அம்சவள்ளி டின்னைச் சாய்த்து அளவுக் குவளையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். டின் ஈரமாக இருந்தது, கை வழுக்கிக் குவளைமேல் விழுந்து மருந்து அப்படியே தெறித்தது, தண்ணீர் கலக்காத மருந்து. வலது கண்ணில் பட்டுவிட்டது. அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஐயாவுவும் அவளைக் குழாயடியில் உட்காரவைத்து, அவள் தலையைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் கண்ணில் தண்ணீர் விட்டோம். டிரைவர் அப்பளசாமி லோரியில் ஏற்றிய பழத்தைக் கொட்டாமலே அப்படியே கொண்டுவந்து நிறுத்தி அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். லோரி போன பிறகு நான் ஸ்டோருக்குள் வந்தேன். கண்ணாடிகள் வைத்த பெட்டி மேல் தட்டில் இருந்தது. அவள் நின்ற இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் மகளே, எட்டடிகூட இராது.

அன்றைக்கே நான் ஏதோ வீரமாகச் செய்துவிட்டேன் என்று நினைக்காதே. அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. மத்தியானம் நடராஜா கூப்பிட்டு, விபத்து ரிப்போர்ட்டை நீங்கள்தான் எழுதவேண்டும், கண்ணாடி கொடுக்கப்பட்டது, தொழிலாளி போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி வீட்டுக்கு வந்தேன். ஜெபம் பண்ணலாம் என்று முழங்கால் போட்டேன். ஆர்டர் இல்ல லா அம்சா என்று நான் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வீடு தோட்டத்து வீடு, வேலை போனால் வீடும் போகும் என்றேன். "போனா ராஜுகிட்ட போய் ரவாங்குல இருப்போம்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் துணி மடித்தாள். பஸ்ஸடியில் கத்தினதற்கு அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் நேரத்துக்கு முன்பே போய் நான்கு பெட்டியையும் திறந்து வெளியே வைத்தேன். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கையுறையும் கண்ணாடியும் கொடுத்தேன். ஐயாவு பயந்துபோய், "ஆர்டர் வந்திருச்சா கிராணியாரே?" என்று கேட்டார். வரவில்லை, நான் கொடுக்கிறேன் என்றேன். அப்புறம் அவரும் பூட்ஸை எடுத்து அளவு பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். பிறகு ஆபீசுக்குப் போய் ரிப்போர்ட்டை வைத்தேன். கண்ணாடியும் கையுறையும் நவம்பரிலிருந்து ஸ்டோரில் என் பொறுப்பில் இருந்தன, விபத்து நடந்த அன்று அவருக்குக் கொடுக்கப்படவில்லை என்று எழுதியிருந்தேன். நடராஜா படித்துவிட்டு, "இந்த வயசுல உங்களுக்கு வேற யார் வேல கொடுப்பா?" என்றார். அவரைப்பற்றி நீ தப்பாக நினைக்காதே, மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள், துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் அவர் படுகிற பாடு எனக்குத் தெரியும். துரை கூப்பிட்டு, உத்தரவில்லாமல் தோட்டத்துச் சாமானை வெளியே கொடுத்த குற்றம் என்று தாளில் அடித்துக் கொடுத்தார். சித்தி காதுக்குப் போனது அதுதான். சாமான் கொடுத்தது உண்மை, யாருக்குக் கொடுத்தேன் என்பதைச் சொல்பவர்கள் விட்டுவிட்டார்கள்.

இப்போது நான் பழம் ஏற்றும் மேட்டில் குலை எண்ணுகிறேன். வெயில் அதிகம், மற்றபடி குறையில்லை. வருஷக் கடைசி வரைக்கும் வீட்டில் இருக்கலாம், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கொடுத்த கையுறையைத் திரும்ப வாங்கச் சொல்லி ஐயாவுவை அனுப்பினார்கள், மருந்து அடிக்கும் லெட்சுமிதான் முன்னால் வந்து, "கழட்டச் சொன்னா பம்பையும் சேர்த்துக் கழட்டிருவோம்" என்றாளாம். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. போன மாதம் கிழிந்ததற்குப் பதிலாகப் புதிதும் கொடுத்திருக்கிறார்கள்.

அம்சவள்ளிக்குக் கண் முதலில் சிவந்துதான் இருந்தது, நான்கைந்து நாள் கழித்து மங்கிவிட்டது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தாள். இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. அவள் வீட்டுக்கு வந்ததும் நானும் அம்மாவும் போனோம். வீரன் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான், அவனைக் குறை சொல்லமுடியாது. நான் அவளிடம், எல்லாம் என்னிடம்தான் இருந்தது, நான்தான் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அவள் பாயை நகர்த்தி அம்மாவை உட்காரச் சொன்னாள். பிறகு, "ஆர்டர் இல்லாமத்தானே மறுநாளு எல்லாருக்கும் கொடுத்தீங்க கிராணியாரே? அப்ப அன்னிக்கும் கொடுத்திருக்கலாம்ல?" என்று கேட்டாள். ஆமாம் அம்சா, கொடுத்திருக்கலாம் என்றேன். அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிவிட்டாள். என்னை மன்னித்தாளா என்று நீ கேட்டால் எனக்குத் தெரியாது, அதைக் கேட்கிற உரிமையும் எனக்கில்லை. என் ரிப்போர்ட்டை வைத்து யூனியன்காரர்கள் அவளுக்காகத் தொழிலாளர் காப்புறுதி சொக்சோவில் நஷ்டஈடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், தோட்டத்தில் அவளுக்கு நாற்று மேடையில் நிழல் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா தப்பு செய்தாரா என்று கேட்டாயே, செய்தேன் மகளே. ஊர் சொல்கிற தப்பு அல்ல, நான்கு மாதம் பூட்டி வைத்த தப்பு. போதகரிடமும் சொல்லிவிட்டேன், சபையிலும் எழுந்து சொன்னேன். கை குலுக்கியவர்களில் இரண்டு பேர் இப்போது என்னோடு பேசுவதில்லை, தோட்டத்து விஷயத்தைச் சபையில் பேசலாமா என்கிறார்கள். இருக்கட்டும்.

மற்றபடி ராஜு ரவாங் ஃபேக்டரியில் நிரந்தரமாகிவிட்டான், மோட்டார் சைக்கிள் கேட்டு அம்மாவை அரித்துக்கொண்டிருக்கிறான். அம்மாவுக்கு முட்டிவலிதான், பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்க நடந்தே போகிறேன் என்று அடம்பிடிக்கிறாள். சபைக் கூரையில் ஒழுகினதை அடைத்தாயிற்று. நீ கோபத்தில் நடராஜா மகளுக்கு ஒன்றும் எழுதிவிடாதே, அவள் உன் சிநேகிதி, அவளுக்கு இதில் சம்பந்தமில்லை. எங்களுக்காகக் கூடுதல் டியூட்டி பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, காலுக்குக் கம்பளி போடாமல் நடக்காதே, ஞாயிறு ஆராதனையை விடாதே. அந்த ஆஸ்பத்திரியில் உன் பொறுப்பில் இருக்கிறவர்களைக் கர்த்தர் உன் கண்ணுக்குக் காண்பிப்பாராக, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக, போக்கிலும் வரத்திலும் உன்னோடு இருப்பாராக.

ஒன்றை மறந்துவிடாதே. கிள்ளான் டாக்டர் எழுதிய தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், வீரன்தான் கொண்டுவந்து கொடுத்தான், வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போய்விட்டான். உங்கள் கண் வார்டில் பெரிய டாக்டரிடம் காட்டி, அந்தக் கண்ணுக்கு இனி ஏதும் செய்யமுடியுமா என்று கேள். முடியும் என்றாலும் முடியாது என்றாலும் உள்ளதை உள்ளபடி எழுது. பதிலை எனக்கு எழுதவேண்டாம். தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தாக, ஏழாம் லயம் அம்சவள்ளி என்று அவள் பெயருக்கே எழுது.

உன் அன்புள்ள அப்பா,
தே. ஆசீர்வாதம்