உம்மு ஹைதரின் கணக்கைத் திறந்து விடுங்கள்

அனுப்புநர்:
லோஜனா மகேசன்,
பகுதிநேரப் பயிற்றுநர்,
மாசி, ஒக்லாந்து.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
சமூக அமைப்புகளுக்கான டிஜிட்டல் பயிற்சித் திட்டம்,
ஒக்லாந்து.

பொருள்: சான்ட்ரிங்ஹாம் அரபுப் பெண்கள் உதவிச் சங்கத் தலைவியின் சமூக ஊடகக் கணக்கு தங்கள் அலுவலகத்தின் செயலால் முடங்கியமை; இம்மாத முடிவுக்குள் அதை மீட்டுத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முறைப்பாடுகளை அவரவர் தாய்மொழியில் எழுதலாம் என்று தங்கள் இணையத்தளம் சொல்கிறது. இதே விடயமாக நான் ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம், புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கவும் என்ற ஒரே பதில்தான் வந்தது. ஆகவே இம்முறை தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பதற்காகவாவது யாரோ ஒருவர் இதைக் கடைசி வரி வரை வாசித்தாக வேண்டும் அல்லவா?

2. அரபு மொழி பேசும் சிறு தொண்டு அமைப்புகளுக்குச் சமூக ஊடகங்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது தங்கள் திட்டத்தில் என் வேலை. எனக்கு அரபு தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இரு தரப்பிடமும் இருக்கும் அரைகுறை ஆங்கிலத்தில் சனிக்கிழமை வகுப்புகள் சிரிப்பும் கும்மாளமுமாக நன்றாகவே நடந்துவந்தன.

3. மேற்படி சங்கத்தின் தலைவி ஈராக்கிலிருந்து வந்தவர். கடவுச்சீட்டில் அவர் பெயர் இந்திஸார். ஆனால் அப்படி அவரை யாரும் அழைப்பதில்லை. மூத்த மகனின் பெயரைச் சொல்லி, இன்னாரின் தாய் என்று அழைப்பது அவர்கள் வழக்கம். அவர் உம்மு ஹைதர், அதாவது ஹைதரின் அம்மா. எனக்கு இது புதுமையில்லை. கோயிலில் என்னையும் "ஆரணன்ட அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். லோஜனா என்று யாராவது அழைத்தால் வேறு யாரையோ என்று நினைத்துப் பேசாமல் நிற்பேன்.

4. ஹைதர் இப்போது உயிரோடு இல்லை. பக்தாத்தில் வேலைக்குப் போன இடத்தில் குண்டு வெடித்து இறந்துவிட்டார். பிள்ளை போனாலும் அந்தப் பெயர் தாயை விட்டுப் போவதில்லை. யாராவது தன்னைக் கூப்பிடும்போதெல்லாம் மகனின் பெயர் காதில் விழுகிறது, அதுவே தனக்குப் போதும் என்று அவர் என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

5. அவருடைய கணக்கும் அந்தப் பெயரில்தான் இருந்தது. சங்கத்தின் பக்கத்தை அதிலிருந்துதான் நடத்தினார். விமான நிலையத்தில் வந்திறங்கும் அரபுக் குடும்பங்கள் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான். குளிருக்குப் போர்வை வேண்டும் என்று அவர் முதன்முதலாகப் பதிவிட்டபோது, வந்து குவிந்த போர்வைகளால் மண்டபக் கதவைச் சாத்த முடியவில்லை. ஹைதர் அனுப்பிய குரல் செய்திகளும் அதே கணக்கில்தான் இருந்தன. பெரிதாக ஒன்றுமில்லை. பஸ்ஸைத் தவறவிட்டேன், சோறு அடிப்பிடித்துவிட்டது, எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்பது போன்றவை. சோறு அடிப்பிடித்த செய்தியை எனக்கு ஒருமுறை போட்டுக் காட்டினார். ஒரு சொல்லும் விளங்காமலே நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

6. அந்தச் செய்திகளைப் பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்கத்தான் தாம் வகுப்பில் சேர்ந்ததாகச் சொன்னார். தாங்கள் வகுத்த பாடத்திட்டத்தில் அது கடைசிப் பாடம். ஒழுங்கை மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றக்கூடாது என்று பதில் வந்தது. அந்தக் கடைசிப் பாடம் நடக்கவிருந்த சனிக்கிழமைக்கு முந்தின செவ்வாயன்று தங்கள் அலுவலர் சங்கத்துக்கு வந்தார்.

7. கணக்குகள் யாவும் கடவுச்சீட்டிலுள்ள பெயரில் இருக்க வேண்டும் என்பது தங்கள் புதிய சுற்றறிக்கை. விருந்தாளி வந்திருக்கிறாரே என்று உம்மு ஹைதர் தேநீர் போட உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் அலுவலர் அவருடைய மடிக்கணினியில் பெயரை மாற்றி முடித்துவிட்டார். ஏதோ பழுது பார்த்துத் தந்திருக்கிறார் என்று நினைத்து, பேரீச்சம்பழ பிஸ்கட்டும் கட்டிக் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பிவைத்தார் அந்தத் தாய்.

8. பெயர் திடீரென மாறியதும் கணக்கு களவு போய்விட்டதாகக் கருதி சமூக ஊடக நிறுவனம் அதைப் பூட்டிவிட்டது. மீட்பதற்கான மின்னஞ்சல் முகவரியோ தங்கள் அலுவலகத்துடையது. பாதுகாப்புக்காக என்று பயிற்சியின் தொடக்கத்தில் தாங்களே மாற்றி வைத்தீர்கள். ஆகவே தங்கள் அலுவலகம் மட்டுமே மேன்முறையீடு செய்ய முடியும். இம்மாத முடிவுக்குப் பின் கணக்கு அடியோடு அழிக்கப்படும். புதிய கணக்கைப் பத்து நிமிடத்தில் நானே தொடங்கித் தருவேன். ஹைதர் அதில் பேசுவாரா?

9. கடந்த சனிக்கிழமை அவர் வகுப்புக்கு வந்து, இனித் தன்னை இந்திஸார் என்றே கூப்பிடுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார். மற்றப் பெண்கள் அழுதுவிட்டார்கள். அவர் அழவில்லை. அன்று எனக்குப் பாடம் நடத்த முடியவில்லை.

10. ஆகவே தாங்கள் தயவுசெய்து அலுவலக மின்னஞ்சலிலிருந்து உடனே மேன்முறையீடு செய்து, கணக்கை முன்னிருந்த பெயரிலேயே மீட்டுத் தருமாறு மன்றாடிக் கேட்கிறேன். அந்த அலுவலரைத் தண்டிக்க வேண்டாம். சொன்னதைச் செய்த பிள்ளை அவர். சுற்றறிக்கையைத் திருத்துங்கள், அது போதும்.

ஒருவேளை முடியாது என்பதுதான் தங்கள் முடிவானால், அதை அவருக்கு அனுப்பாமல் எனக்கு அனுப்புங்கள். நான் நேரில் போய்ச் சொல்கிறேன். உன் பிள்ளையின் குரல் இனி இல்லை என்பதை அரபில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) லோஜனா மகேசன்

இடம்: மாசி, ஒக்லாந்து
திகதி: 12 ஜூன் 2025