கொட்டாவிச் செடியைக் கொண்டு வா

மார்ச் 4, திங்கள்

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அக்கா பார்த்தால் தொலைந்தேன்.

வீட்டில் உள்ள செடி ஒன்றைக் கவனித்து எழுதச் சொல்லியிருந்தார் அறிவியல் டீச்சர். எங்கள் வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் ரோஜா மட்டும். நேற்று மதியம்தான் ஞாபகமே வந்தது. எதிரே சோபாவில் சித்தப்பா டிவியை ஓடவிட்டு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். பேனா தானாக ஓடியது:

"கொட்டாவிச் செடி பூச்சி தின்னும். மதியத்தில் வாய் திறக்கும். உள்ளிருந்து கொர்ரென்று சத்தம் வரும். அதைச் சொந்தக்காரர் குரல் என்று நம்பி வண்டுகள் நுழையும். மென்றுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். பக்கத்தில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் நன்றாகத் தூங்கும். சத்தத்தை நிறுத்தினால் விழித்துக்கொள்ளும்."

மார்ச் 5, செவ்வாய்

நான் எழுதியதை டீச்சர் வகுப்பில் வாசித்தே காட்டிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு என்னை மேசைக்குக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை கண்காட்சிக்குத் தொட்டியோட கொண்டு வா. இல்லன்னா திங்கக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு வா."

அப்பாவா? அதற்கு அந்தச் செடியே என்னைத் தின்றுவிடலாம்.

மார்ச் 6, புதன்

செடி செத்துப்போச்சு என்று சொல்லிப் பார்த்தேன்.

"செத்ததையாவது கொண்டு வாம்மா. அறுத்துப் பாக்கலாம்."

மார்ச் 7, வியாழன்

கண்காட்சிக்கு அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம். சித்தப்பா வருகிறாராம்! "என் செல்லம் என்னமோ செடி வளக்குதாமே, நான் பாக்க வேணாமாடி?"

ஐயோ. செடியைப் பற்றி எழுதி வைக்கிற அட்டையைப் படித்தால் தன்னைத்தான் என்று கண்டுபிடித்துவிடுவாரே. என்ன பண்றது, என்ன பண்றது...

மார்ச் 8, வெள்ளி

என் மேசையில் அட்டையும் வெறும் தொட்டியும். சித்தப்பா நல்லவேளை கண்ணாடியை வீட்டிலேயே மறந்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் பையன்கள் செய்த ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் வாய் திறந்துவிட்டது. கொர்ர்ர்.

டீச்சர் வந்தார். "எங்க செடி?"

நான் தொட்டியைப் பார்த்தேன். டீச்சர் அட்டையைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். மறுபடி அட்டையை. பிறகு மெல்லக் கை நீட்டி ரேடியோவை நிறுத்தினார்.

"யாரது நிறுத்தினது? நான் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்!"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது.

மார்ச் 9, சனி

அப்பா வர வேண்டாமாம். நிஜமாகவே பூச்சி தின்னும் செடி ஒன்றைப் பற்றிப் படித்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அட்டையில் டீச்சர் சிவப்பு மையில் எழுதித் தந்திருக்கிறார்: "கவனித்தது சரி. இனம்தான் தவறு."

கூடத்தில் கொர்ர்ர். டிவி தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் குடிக்கப் போனேன். அணைக்காமலே வந்துவிட்டேன்.