அண்ணாவின் வயதுக்காரர்

ரொறன்ரோ
ஆனி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கால் வீக்கம் வற்றியதா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாவா? இங்கே நாங்கள் சுகம். அட்சயாவுக்கு இருமல் விட்டுவிட்டது.

ஒரு பகிடி சொல்கிறேன். அண்ணா படம் வெட்டி ஒட்டியிருந்த யப்பான் உதைபந்தாட்டக்காரரை நினைவிருக்கிறதா? அண்ணாவின் வயதுதான், நாற்பது. இன்னும் நடுக்களத்தில் ஓடுகிறார். சனிக்கிழமை விடிய, உங்கள் மருமகன் பிறம்ரனுக்கு வேலைக்குப் போனபின், அந்த யப்பான்காரரின் ஆட்டத்தை ரீவியில் பார்ப்பேன். போன கிழமை அவரை இடையில் வெளியே எடுத்துவிட்டார்கள். அட்சயா திரைக்குக் கை காட்டினாள்.

"அம்மா, மாமாக்குக் கால் நோகுதா?"

"உது மாமா இல்லையடி."

"அப்ப ஏன் ஒவ்வொரு கிழமையும் பாக்கிறீங்கள்?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவள் பிழையாகக் கேட்கவில்லை அப்பா. காணாமற்போனபோது அண்ணாவுக்கு இருபத்துநாலு. அதற்குப் பிறகு அண்ணாவுக்கு நரை விழுந்ததையும் ஓட்டம் குறைந்ததையும் நான் இந்த மனிதரில்தான் பார்த்து வருகிறேன்.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் அண்ணாவுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்து முடிப்போம் என்றீர்கள். நானும் போனில் "ஓம்" என்றேன். பதினாறு வருடம் காத்தது போதும் என்று நீங்கள் நினைப்பதில் குற்றமில்லை. ஆனாலும் மார்கழிவரை பொறுங்கள். அந்த மனிதர் அதோடு ஆட்டத்தை விடுகிறாராம். அதன்பிறகு என்னிடம் அண்ணாவுக்கு வயது ஏறாது.

ஐயரிடம் நாளை மாற்றச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். ஏலாதென்றால் போனில் சொல்லாமல் எழுதுங்கள். அட்சயா கூப்பிடுகிறாள்.

உங்கள் மகள்
சுபாங்கி