உங்களைச் சொல்லவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எப்போதும் முதல் வரியில் நலம் விசாரிப்பேன். இந்த முறை அதற்குக் கை வரவில்லை. அம்மாவுக்குச் சளி குறைந்திருக்கிறது, உன் அத்தான் பஸ் ஓட்டப் போய்வந்துகொண்டிருக்கிறார். நலம் என்று சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

நீ பலமுறை போன் செய்தாய். நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் பேசினால் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு வைத்துவிடுவேன். நீயும் "அக்கா ஏதோ டென்ஷன்ல இருக்கா" என்று உன் மனைவியிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

தேர்தல் முடிவு வந்த அன்று நம் குடும்பக் குழுவில் நீ போட்டாயே, வரிசையாகக் கைதட்டும் படங்கள், கீழே "நாடு பிழைத்தது" என்று. அது போதாதென்று, தூதரகத்தில் மழையில் நின்று ஓட்டுப் போட்டேன், ஜெயித்தவருக்குத்தான் போட்டேன் என்று பெருமையாக இன்னொரு வரி. எங்களை அவர் விரட்டப்போவது தெரியாதா என்று தனியாக உனக்கு எழுதிக் கேட்டேன். நீ என்ன பதில் போட்டாய் ஞாபகம் இருக்கிறதா? "உங்களச் சொல்லலக்கா. திருட்டுத்தனமா உள்ள வந்தவங்களத்தான் சொல்றாரு."

நாம் எப்படி வந்தோம் தம்பி? பேண்டு வாத்தியம் வைத்தா நம்மை அழைத்து வந்தார்கள்? அப்பா தலையில் மூட்டை, அம்மா இடுப்பில் நான். எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள் நான். நீ அதற்கப்புறம் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தாய். ஒரே வயிறு. நடுவில் ஒரு எல்லைக்கோடு இருந்தது, அவ்வளவுதான். வெளியில் பிறந்தவர்களை ஒருத்தர் விடாமல் சலித்தெடுப்பேன் என்று அந்த மனிதர் மேடைக்கு மேடை முழங்கினாரே, அது உன் காதில் எப்படி விழுந்தது? அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், சல்லடையில் நானும் அம்மாவும் இருப்பது உனக்குத் தெரியவே இல்லையா?

அன்றைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். எங்கள் டயாலிசிஸ் பிரிவை நீ பார்த்ததில்லை. சுவரோரமாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு இயந்திரம், எதிர்ச்சுவரில் டி.வி. சிறுநீரகம் செத்துப்போனவர்கள் முறைவைத்து வருவார்கள். கையில் ஊசி குத்தி, அவர்கள் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுவோம். அரைநாள் அசையாமல் கிடக்கவேண்டும். அதனால் அவர்களுக்கு டி.வி.தான் துணை. அன்று சமையல் நிகழ்ச்சி கேட்பவர்கள்கூட முடிவைப் போடு என்றார்கள்.

எங்களிடம் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் வருகிறார். அவர் ரத்தக்குழாய் நழுவி நழுவிப் போகும். வேறு யாரையும் தொடவிடமாட்டார். "என் பொண்ணு வரட்டும்" என்று நான் வரும்வரை கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னைத்தான் பொண்ணு என்பார். அவர் கையைப் பிடித்து ஊசியை உள்ளே செலுத்திக்கொண்டிருக்கிறேன், டி.வி.யில் அறிவிப்பு வந்தது. அவர் இன்னொரு கையால் தொடையில் தட்டிக்கொண்டு, "அப்படிப் போடு! இனிமே ஊரு சுத்தமாயிடும்" என்றார். நான் பிடித்திருந்த கையில், விரல் நகத்தில், ஓட்டுப் போட்ட மை இன்னும் அழியாமல் இருந்தது.

"கைய ஆட்டாதீங்க ஐயா, ஊசி நழுவிடும்" என்று மட்டும் சொன்னேன். குரல் எப்படி வந்ததோ, அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார், உன் வாயிலிருந்து வந்த அதே வார்த்தையை: "உன்னச் சொல்லலம்மா. நீ எங்க பொண்ணு."

மூலை நாற்காலியில் இருந்த டெய்லர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவளும் அந்தப் பக்கத்தில் பிறந்தவள். உதவியாளர் ஒருவர் சாக்லேட் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார், அவளுக்கும் நீட்டினார். "எனக்குச் சர்க்கரை இருக்கு" என்றாள். மறுநாளே அவள் வேறு ஆஸ்பத்திரி பார்த்துப் போய்விட்டதாகக் கேள்வி. எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நாற்காலி காலியானதில் வேறு ஒருவருக்குச் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்தால் உன் அத்தான் டி.வி.யை அணைத்துவிட்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புது டிரைவரு. பாரம் அதிகம்னு சொல்லி முதல்ல நம்மளத்தான் எறக்குவாரு" என்றார். சிரிப்பு வரவில்லை. கீழ்வீட்டுக்காரி இருக்கிறாளே, அவள் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தினம் போய்ப் புண் கழுவிவிட்டேனே, அவள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "நீங்க காலி பண்றதா இருந்தா முதல்ல எங்ககிட்ட சொல்லிடுங்க, என் தம்பி எங்க பக்கத்துலயே இருக்க வீடு பார்த்துட்டிருக்கான்" என்றாள். அவளுக்குத்தான் எவ்வளவு பாசமுள்ள தம்பி! கதவைச் சாத்திவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கத்தினேன். அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்றுதான் குழாய்.

பதவி ஏற்ற கையோடு உத்தரவு வந்துவிட்டது. அரசாங்க வேலையில் இருப்பவர்களில் வெளியில் பிறந்தவர்கள், விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது. மேட்ரன் எங்களைத் துணி அறைக்குக் கூப்பிட்டுப் பெயர்களைப் படித்தார். படிக்கும்போது ஒருமுறைகூட நிமிரவில்லை. "மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய?" என்றார். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தேன். எனக்கு ஊசி குத்தக் கற்றுக்கொடுத்ததே இந்த மேட்ரன்தான். "எந்த ஊர்ல பிறந்தேன்னு அன்னிக்குக் கேட்டிருந்தா நான் கத்துக்கிட்டே இருக்கமாட்டேனே மேடம்" என்று கேட்டேன். அவர் துண்டுகளை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "கொஞ்சம் பொறு, எல்லாம் சரியாயிடும்." பொறுத்தேன். சரியானது என்ன தெரியுமா? எங்களை அனுப்பியதும் ஆள் போதவில்லை. நோயாளிகளுக்கு நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு காலைநேரம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி. மூச்சு வாங்க மாடி ஏறி வந்திருக்கிறார். ஐயாவுக்குக் காலெல்லாம் நீர் கோத்துக்கொண்டதாம், படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். புதிதாக வந்தவள் குத்திக் குத்திக் கை முழுக்கக் கன்றிப்போய்விட்டதாம். "மேட்ரன்கிட்ட பேசிட்டேம்மா. நீ பின்வாசல் வழியா வந்துடு. யூனிஃபார்ம் வேணாம். சொந்தக்காரப் பொண்ணு மாதிரி வந்து குத்திட்டுப் போயிடு. ஒருத்தருக்கும் தெரியாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா உள்ளேயிருந்து வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் உடை மாற்றப் போனேன். வெள்ளை யூனிஃபார்மைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். இரக்கம் என்று நினைத்துவிடாதே. கோபம். தலை உச்சியில் நின்ற கோபம்.

முன்வாசலுக்குத்தான் போனேன். காவலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், பழக்கதோஷம். அப்புறம் உத்தரவு ஞாபகம் வந்து கையைக் குறுக்கே நீட்டினான். "சிஸ்டர், பின்னாடி வழியா போயிடுங்க. என் வேலைக்கு வேட்டு வெச்சிடாதீங்க" என்று கெஞ்சினான். "உள்ள விட்டா இந்த வழியா விடு, இல்லன்னா நான் இங்கயே நிக்கறேன்" என்றேன். நின்றேன். சீட்டு வாங்க வந்தவர்கள், மருந்துக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நம் தெருப் பெட்டிக்கடைக்காரர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஆட்டோவில் ஸ்டேஷன் மாஸ்டர் வந்து இறங்கினார். காலில் செருப்பு ஏறவில்லை, அவ்வளவு வீக்கம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, காவலாளியிடம், "என் பொண்ணுப்பா, விடுப்பா" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் கேட்டேன்: "உங்க பொண்ணு எந்த வாசல் வழியா வரணும் ஐயா? ஓட்டுப் போடறப்ப உங்க பொண்ணு ஞாபகம் வரலியா?"

"உன்னச் சொல்லலம்மா..." என்று ஆரம்பித்தார்.

"என் பேரச் சொல்லல. ஆனா என்னைத்தான் சொன்னீங்க" என்றேன்.

அவர் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், மூச்சு இழுத்தது. அதற்குள் மேட்ரன் ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். காவலாளியிடம், "கைய எடு. நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன்.

கன்றாத இடம் தேடித்தான் குத்தவேண்டியிருந்தது. ஒரே குத்தில் ஏறியது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. வலியில் கண் கலங்கினால் வழக்கமாக நானே துடைத்துவிடுவேன், ஊசி ஏறிய கையோடு அவர் அசையக்கூடாது இல்லையா. அன்று துடைக்கவில்லை. தப்பு என்று நீ சொன்னால் சொல்லிக்கொள். அரைநாள் பக்கத்தில் உட்கார்ந்து இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டேன், நீரெல்லாம் இறங்கியது, மூச்சு சீரானது. முடிந்ததும் ஊசியை எடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் மேட்ரனிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டதாம். முன்வாசலில் இப்போது போலீஸ்காரர் ஒருவரும் நிற்கிறாராம். ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும், வேறு யாருக்கும் கையைக் கொடுக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாராம். பிறகு மூச்சு முட்டியதும் கொடுத்துவிட்டாராம். பின்னே? உயிர் ஆசை யாரை விட்டது.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதக் கூசுகிறது. உன்னிடம் எதையும் கேட்கக்கூடாது என்றுதான் வைராக்கியமாக இருந்தேன்.

அம்மாவையும் என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த மாதக் கடைசியில். இந்த நாட்டில் பிறந்த ரத்த உறவு ஒருவர் நேரில் வந்து நின்று, இவர்கள் என் குடும்பம் என்று சொல்லவேண்டுமாம். உன் அத்தான் கேட்டுப் பார்த்தார். கட்டினவர் சாட்சி செல்லாதாம். பெற்ற பிள்ளையோ கூடப் பிறந்தவரோதான் வேண்டுமாம். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதை அந்த அதிகாரியின் மேசை முன்னால் அவர் வாய்விட்டுச் சொல்லவேண்டி வந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார். ஆக, உலகத்திலேயே எங்களுக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

அம்மாவுக்குக் குழுவில் வருவதைப் படிக்கத் தெரியாது, உனக்கே தெரியும். நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. நேற்று வெங்காயம் உரித்துக்கொண்டே உன் அத்தானிடம் சொல்கிறாள்: "பாவம் புள்ள, நமக்காக அவ்வளவு தூரத்துல மழையில நின்னு ஓட்டுப் போட்டான். அது வீணாப் போச்சே." மழையில் நின்றதை மட்டும் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். அவளுக்கு வெங்காயத்தால் கண்ணீர், எனக்கு உன்னால்.

நான் சொல்லமாட்டேன். நீயும் உளறிவிடாதே. அவள் உன் அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்துவிட்டாள். உன் பழைய போர்வையைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டிருக்கிறாள். தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "என் பையன் வர்றான், வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்கிறாள்.

லீவு கிடைக்காது என்று எழுதாதே. டிக்கெட் கிடைக்கவில்லை என்று எழுதாதே. யாரையோ தெரியும், போனில் சொல்லிச் சரிசெய்கிறேன் என்றும் எழுதாதே. வா. வந்து அந்த அதிகாரி முன்னால் நின்று, இது என் அம்மா என்று சொல். என்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்பதை நீயே முடிவு செய்துகொள். நான் பக்கத்தில்தான் நிற்பேன், கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் மீது இருக்கும் கோபம் நீ வந்தாலும் தீராது. அதற்காக வராமல் இருந்துவிடாதே.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. குழந்தைகள் இரண்டு பேரும் அங்கே, வெளியில்தானே பிறந்தார்கள். எங்கே போனாலும், எந்த வாசலில் நின்றாலும், நீ எங்கே பிறந்தாய் என்று அவர்களை யாரும் ஒருநாளும் கேட்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள்