அறைக்குள் மூன்றாவது ஆள்

கெட்ஸல்,

எனக்கு எழுத வராது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். உன் மகன் கல்யாணத்தில் விருந்தைத் தாமதமாக்கியவன் நான்தான் என்று ப்ரூக்ளின் முழுக்கத் திட்டுகிறாயாம்.

நம் யூத முறைப்படி மணமக்கள் முதன்முதலாகத் தனித்திருக்கும் அறைக்கு வெளியே, மூன்றாவது ஆள் யாரும் உள்ளே இல்லை என்பதற்கு என்னைச் சாட்சியாக நிறுத்தியவன் நீ. சமையல்கட்டு வழியாக ஃபோட்டோக்காரனை உள்ளே விட்டவனும் நீ.

"இன்னொரு தடவை ஊட்டும்மா, சிரிச்சுக்கிட்டே!" என்று உள்ளே அவன் குரல்.

"காலையிலேருந்து விரதம் அண்ணா, சூப்பையாவது குடிச்சுக்கறோம்" என்று மணப்பெண் கெஞ்சினாள்.

இது என்ன தனிமை என்று உன்னைக் கேட்டால், "தனியாத்தான் இருந்தாங்கன்னு சொல்லிட்டுப் போயேன், கிழவா!" என்றாய். ஐம்பது வருஷமாக உன்னோடு ஒரே பெஞ்சில் பிரார்த்தனை செய்த வாய்க்கா இந்தப் பொய்?

ஃபோட்டோக்காரனை வெளியே இழுத்துவிட்டு, சமையல்கட்டுக் கதவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரம்; விருந்து தாமதமானது அதனால்தான். உள்ளே அந்தப் பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உன் ஆல்பத்தில் இருக்காது.

இப்படிக்கு,
நீ நிறுத்திய சாட்சி