கிட்டார்காரர் விடுமுறை

மார்ச் 3

அன்புள்ள கமாவுக்கு,

நான் சௌக்கியம். காரின் கிளட்ச்தான் போய்விட்டது, இந்த வருடத்தில் இரண்டாவது முறை. ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் கால் அப்படி. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அச்சகத்தில் புரூஃப் தாளையே மென்றுகொண்டிருக்கிறாயா? போன கடிதத்தில் ஊர்க்கதையெல்லாம் எழுதினாய், உன் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

சேதி இருக்கிறது, உட்கார்ந்துகொள். 'மதில்மேல் மழை' மறுபடி வெளிவருகிறது! 'தாழ்ப்பாள்' குழுவின் முதல் இரண்டு ஆல்பங்கள் கடைக்குக் கடை ஒலித்தபோது மூலையில் கிடந்த நம் மூன்றாவது பிள்ளை, இருபத்தொரு வருடம் கழித்துப் பெரிய இசைத்தட்டாக வருகிறான். கம்பெனிக்காரரே போன் செய்தார். உறைக்குள் எட்டுப் பக்கம் ரசிகர்களுக்காம். "ரசிகருங்க முப்பத்தேழு பேரும் விடாம எழுதிக்கிட்டே இருந்தீங்களே மேடம், தொல்லை தாங்கலன்னுதான் ஒத்துக்கிட்டாங்க" என்றார். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

நேற்று ஒரு அம்மாள் வந்தார். மூன்று தடவை டெஸ்டில் தோற்றவர், கியர் மாற்றச் சொன்னாலே கண்ணை மூடிக்கொள்வார். காரில் நம் பாட்டைப் போட்டேன். மூன்றாவது பாட்டில் கிட்டார் உள்ளே நுழைகிற இடத்தில் தானாகவே மூன்றாவது கியருக்குப் போய்விட்டார். இந்த ஆல்பத்தை நல்ல ஆல்பம் இல்லை என்று எவனாவது சொல்லட்டும், பார்க்கிறேன்.

சொன்னான் ஒருவன். முதல் பக்கத்தில் அவனைத்தான் போடப்போகிறேன். அந்த வாரப் பத்திரிகையில் 'சங்கு' என்ற பெயரில் விமர்சனம் எழுதினானே, அதை அப்படியே. 'கிட்டார்காரர் அன்று விடுமுறை போலிருக்கிறது.' ஆல்பத்துக்கே சங்கு ஊதிவிட்டான், பெயரும் அதே! கடைக்காரர்கள் அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே கேசட்டைத் திருப்பி அனுப்பினார்கள். நீயும் நானும் அவனைத் திட்டாத கடிதம் உண்டா? பத்திரிகையின் பழைய ஆசிரியருக்கு எழுதி அவன் நிஜப் பெயரைக் கேட்டிருக்கிறேன். வந்ததும் கொட்டை எழுத்தில் கீழே போடுகிறேன். பிழை பார்ப்பது உன் பொறுப்பு.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். இங்கே ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஓடிக்கொண்டிருக்கிறது. மேசையில் என்னையும் பென்சிலையும் தவிர எல்லாம் பின்னம்.

எட்டுப் பக்கத்துக்கும் விஷயம் என்னிடம் இருக்கிறது. ஐந்தாவது பாட்டில் பல்லவி திரும்பி வரும்போது இரண்டாவது குரல் அரை மூச்சு தாமதமாகச் சேருமே, அதை எழுதலாம். ஏழாவதில் டிரம்காரர் அடிக்காமல் விடுகிற அந்த ஒரு அடி. சத்தம் போடாமலே ராக் பாட முடியும் என்று காட்டினவர்கள் அவர்கள்தான். இதைத் தைரியமாக எழுதலாம். முப்பத்தேழு பேரிடமும் ஆளுக்கு ஒரு நிமிடம் கேளுங்கள், அவரவருக்குப் பிடித்த ஒரே ஒரு நிமிடம். புத்தகம் நிறைந்துவிடும்.

அந்த விமர்சனம் மட்டும் வேண்டாமே அக்கா. செத்த பாம்பை எதற்கு அடிக்க வேண்டும்? கல்யாண வீட்டு வாசலில் சண்டை போட்டதுபோல் ஆகிவிடும். அத்தானையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
கமா


மார்ச் 17

கமா,

செத்த பாம்பா? அது கடித்ததில் ஒரு ஆல்பமே செத்துப்போனது. உனக்குக் கமா என்று சரியாகத்தான் பெயர் வைத்தேன். எதிலும் முற்றுப்புள்ளி கிடையாது, நின்று நின்று இழுப்பாய்.

அத்தானைக் கேட்டேன். "பெயர் போட்டே ஆகணும்" என்கிறார். அவருக்குப் பாட்டே பிடிக்காது, சண்டை பிடிக்கும்.

ஆசிரியர் இன்னும் திடமாகத்தான் இருக்கிறார். "பழைய கட்டுகள் பரணில இருக்கும்மா, யார் யாருக்கு எந்தப் புனைபெயர்னு எழுதி வெச்சிருந்தேன். தேடிட்டு அடுத்த திங்கட்கிழமை சொல்றேன்" என்றார். கிட்டார்காரரையும் கண்டுபிடித்துவிட்டேன்! தையல் மிஷின் பழுதுபார்க்கிறார். விரல் இன்னும் வேகமாம்.

ஒரு நிமிட யோசனை பிரமாதம், எடுத்துக்கொண்டேன். உன் நிமிடம் எதுவென்று நீ சொல்லவே வேண்டாம். மூன்றாவது பாட்டுதான். அன்றைக்கு என் வீட்டில் நீ எழுந்து நின்றதை நான் மறப்பேனா?

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசிரியர் சொல்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். சங்கு நான்தான்.

உங்கள் மாடியறைக்கு அப்போதுதான் குடிவந்திருந்தேன். பத்திரிகைக்குப் பகுதிநேரமாக எழுதிக்கொண்டிருந்தேன். கட்டிலை ஜன்னலோரம் இழுத்தபோது வலது ஸ்பீக்கரின் ஒயர் கழன்றுவிட்டது, கவனிக்கவில்லை. மறுநாள் விமர்சனம் கொடுத்தாக வேண்டும். ஒரே தடவை கேட்டேன், இடது ஸ்பீக்கரில் மட்டும். அந்த ஆல்பத்தில் கிட்டார் முழுக்க வலது பக்கம் என்று உங்களுக்கு நானா சொல்ல வேண்டும்? குரல் கேட்டது, டிரம் கேட்டது, கீபோர்டு கேட்டது. கிட்டார் இல்லை. இல்லை என்று எழுதினேன். அந்தக் கிண்டல் வரியில் எனக்கு எவ்வளவு பெருமை என்றால், பத்திரிகையை மூன்று பிரதி வாங்கினேன்.

நாலு மாதம் கழித்து நீங்கள் கீழே கூப்பிட்டு, "உக்காருடா, ஒரு பாட்டு கேளு" என்றீர்கள். மூன்றாவது பாட்டில் கிட்டார் உள்ளே வந்தது. நான் எழுந்து நின்றேன், கண் கலங்கிவிட்டது. "இந்தப் பையனுக்குக் காது இருக்கு" என்று அத்தானிடம் சொன்னீர்கள். அன்றிலிருந்து நான் உங்கள் தம்பி.

முதல் அரை நிமிடம் அது பயம், அக்கா. என்ன காரியம் செய்துவிட்டோம் என்ற பயம். அதற்குப் பிறகு பாட்டு. அன்று தொடங்கி இன்றுவரை பாட்டுதான். சொல்ல வேண்டும் என்று நினைத்த ஒவ்வொரு தடவையும் நீங்கள் சங்கைத் திட்டிச் சிரித்தீர்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துச் சிரித்தே இருபது வருடம் ஓடிவிட்டது. திங்கட்கிழமை என்று ஒன்று வராமல் இருந்தால் இப்போது சொல்லியிருப்பேனா என்று கேட்பீர்கள். சொல்லியிருக்க மாட்டேன்.

என் பெயரைக் கொட்டை எழுத்திலேயே போடுங்கள். பிழை பார்த்துத் தருகிறேன். உங்களுக்கு நான் தம்பியாக இருக்கலாமா கூடாதா என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

கமா


ஏப்ரல் 5

கமா,

பதினாறு நாள் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

ஆசிரியரின் பதில் சொன்னபடி திங்கட்கிழமை வந்தது. கட்டுகளையெல்லாம் கரையான் தின்றுவிட்டதாம், ஒரு பெயரும் அவருக்கு ஞாபகமில்லையாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பாய், மடையா! நுணலும் தன் வாயால் கெடும் என்பது உனக்காகவே சொன்னது.

உன் கடிதத்தைக் கிட்டார்காரருக்குப் போனில் படித்துக் காட்டினேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எந்தப் பக்க ஸ்பீக்கர்னு சொன்னீங்க?" என்றார். வலது என்றேன். மனிதர் சிரிக்கிறார், சிரிக்கிறார், நிறுத்தவே இல்லை. "கிட்டாரை மொத்தமா வலது பக்கம் போடுங்கன்னு அடம் பிடிச்சதே நான்தாம்மா. ரெக்கார்டிங் பண்ணவர் தலையில அடிச்சுக்கிட்டார். எவன் வீட்லயாவது ஒரு ஸ்பீக்கர் கெட்டுப்போயிருந்தா நீ காணாமப் போயிடுவடான்னார். கரெக்டா அந்த வீட்டுக்கே போயிருக்கு பாருங்க!" என்றார். அவர் குழுவை விட்டு விலகியது அந்த வரியாலா என்றும் கேட்டேன். "கொஞ்சம் அதாலயும்தான்" என்றார். இதை மறைக்காமல் எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் பக்கத்தில் உன் விமர்சனம் வருகிறது. பாடப்புத்தகத்தில் தப்பு வந்தால் உங்கள் அச்சகத்தில் ஒட்டுவீர்களே ஒரு துண்டுச்சீட்டு, அதுபோல் அதன் கீழே ஒன்று: 'திருத்தம்: கிட்டார்காரர் விடுமுறையில் இல்லை. விமர்சகரின் வலது ஸ்பீக்கர்தான் விடுமுறையில் இருந்தது.' அதற்கும் கீழே உன் நிஜப் பெயர். நேற்றே அச்சுக்குப் போய்விட்டது. கிட்டார்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் கணக்கு தீர்ந்தது.

என் கணக்கு வேறு. நீ தப்பாக எழுதியதில் எனக்குக் கோபமில்லை. தினம் முப்பது பேர் தப்பான பெடலை மிதிப்பதைப் பார்க்கிறவள் நான். இருபது வருடம் என்னை ஒருவனைத் திட்டவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் சேர்ந்து திட்டினாயே, அதுதான் வலிக்கிறது. அதை எழுதலாம் என்று உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன். அவ்வளவு திட்டு தாளில் அடங்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் என் வீட்டில் கூடிப் புது இசைத்தட்டைக் கேட்கிறோம். கிட்டார்காரரும் வருகிறார்.

நீ ஒன்பது மணிக்கே வந்துவிடு. உன்னைத் திட்ட எனக்கு முழுசாக ஒரு மணி நேரம் வேண்டும்.

அக்கா