ஒரே அளவு நாற்காலிகள்

17 ஜூலை 1966, ஞாயிறு

இன்று மாலை தாராவியில் பீர் முகமது வீட்டுக்குப் போனேன். எங்கள் சங்கம் கொடுத்த சக்கர நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டிருந்தார். தோல் பட்டறைப் பரணிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். நாலு மாதம் முன்னால் நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

படத்துக்கு நன்றாகவே சிரித்தார். அறையில் ஏதோ வாடை அடித்தது. தோல் வாடை என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் மனைவி ஆமினா மெதுவாகச் சொன்னாள்.

"பின்னால புண்ணு வச்சிருக்கு சார். நாள் பூரா இந்த நாற்காலியிலயேதான் இருக்காவ."

பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் புண். நாற்காலி அவருக்குப் பெரியது, மெத்தையும் கிடையாது.

"ஏன் ஒரு கடுதாசி போடல?" என்றேன்.

"சும்மா தந்த பொருள குறை சொல்லலாமா சார்? எனக்கு வலிக்கவும் இல்லியே," என்றார் பீர் முகமது.

டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். புண் எலும்புவரை போய்விட்டதாம். பிழைப்பாரா என்று டாக்டர் சொல்லவில்லை. இத்தனை நாள் யாரும் வந்து பார்க்கவில்லையா என்று மட்டும் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ஆமினா தனக்குத் தெரிந்த இந்தியில், சார் ரொம்ப நல்லவர் என்றாள்.

மொத்தம் பன்னிரண்டு நாற்காலி கொடுத்தோம். எல்லாம் ஒரே அளவு. ஒருவரையும் அளந்து பார்க்கவில்லை, கொடுத்தபின் போய்ப் பார்க்கவும் இல்லை. அம்பர்நாத்தில் வாங்கிக்கொண்டது ஏழு வயதுப் பெண். அவளுக்கும் இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது.

அவள் விலாசம் சங்க ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. நாளை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள்.